மூன்று பெல்ட்டுகளும் ஒரு புல்லியும்

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் புல்வெட்டி இயந்திர நிறுவனத்தில் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பெல்ட் எப்படி மாற்றுவது, பிளேடு எப்படித் தீட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் வீடியோவாகவும் இருக்கிறது. அவற்றை நான் எழுதப்போவதில்லை. நான் தவறாக எழுதிய இரண்டு சர்வீஸ் ரிப்போர்ட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எழுதியவற்றில் வரிக்கு வரி நினைவில் நிற்பவை அவை இரண்டும்தான்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. எந்த இடம், எந்த வண்டி, வண்டி மொத்தம் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிக்காட்டியில் எத்தனை மணி, என்ன மாற்றினேன், யார் உடன் இருந்தார்கள். ஒரு நாளுக்கு ஐந்தாறு வரி. அதனால் கீழே வருவது எதுவும் குத்துமதிப்பு இல்லை. எழுதி வைத்திருந்தும் எப்படித் தவறினேன் என்பதுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

அவிநாசி சாலைக்கு வடக்கே ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். அவர்களிடம் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று இருந்தது. விளையாட்டுத் திடலையும், முதன்மைக் கட்டடத்துக்கு முன்னால் சாலை வரை சரிவாக இறங்கும் புல்தரையையும் அதுதான் வெட்டும். வண்டியின் ஆண்டுப் பராமரிப்பு எங்கள் கையில் இருந்தது. அதாவது என் கையில்.

ஒரு ஜூன் மாதம், கட்டட வேலைக்குக் கொட்டிய சல்லியில் ஒரு கல் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டது. என்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிரைவ் பெல்ட் அறுந்தது. அந்த பெல்ட் சுற்றி ஓடும் கியர்பாக்ஸ் புல்லியின் விளிம்பும் கோணிப்போனது. வண்டி வாங்கியபோது வந்த அந்த பெல்ட் மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தது. புது பெல்ட் எங்களிடம் இருந்தது. புல்லி இல்லை. வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கல்லூரி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

இந்த ஊரில் வேலை செய்கிறவன் அந்த நேரத்தில் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். பழைய புல்லியைக் கழற்றி ஒரு பழைய நாளிதழில் சுற்றி, கணபதி பகுதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம் ஊரில் வரைபடம் கொடுத்துப் பொருள் கேட்பவர்கள் குறைவு. சாம்பிளைக் கொடுத்தால் போதும். பம்ப் ஷாஃப்ட்டானாலும் கிரைண்டர் புல்லியானாலும் அதைப் பார்த்து அப்படியே கடைந்து கொடுத்துவிடுவார்கள். பட்டறைக்காரர் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளிம்பு கோணியிருக்குதுங்க. மத்ததெல்லாம் இதே அளவுதானுங்களா?"

"அப்படியே அளந்து போட்டுருங்க" என்றேன்.

மறுநாள் மாலை புல்லி கைக்கு வந்தது. அசல் புல்லி தகட்டை அழுத்திச் செய்தது. இது முழு இரும்பில் கடைந்தது. கையில் வைத்துப் பார்த்தால் அசலைவிட இதுதான் அசல் போல இருந்தது. மாட்டினேன். திடலை இரண்டு சுற்று ஓட்டினேன். இரைச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. கல்லூரியின் கட்டடங்களையும் வளாகத்தையும் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசர் என் தோளில் தட்டி, "ஆறு வாரத்து வேலையை ஒரே நாள்ல முடிச்சுப்போட்டீங்களே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே வாரத்தில் அங்கே இன்னொரு மாற்றமும் நடந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் திருப்பூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். தோட்ட வேலைக்கு ஏஜென்சி மூலம் வந்துகொண்டிருந்த எஸ்தர் என்ற அம்மாளை வண்டியில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். அன்னூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். பழைய ஓட்டுநர் போவதற்கு முன் நான்கு நாள் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் பெண் ஒருவர் இந்த வண்டியை ஓட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் நாட்குறிப்பில் ஒரே பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. "கியர்பாக்ஸ் புல்லி, லேத்தில் கடைந்தது, மாட்டினேன்." அதற்கு இரண்டு வரி கீழே, "புது ஓட்டுநர். பெண்."

ஐந்து வாரத்தில் பெல்ட் கருகியது.

போய்க் கழற்றிப் பார்த்தேன். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடி போல் பளபளத்தது. ஓரிடத்தில் சூடு வைத்தது போல் அரித்திருந்தது. இப்படிக் கருகினால் பொதுவாக ஒரே காரணம்தான் சொல்வோம். இந்த வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே பெடல். அதை மிதித்தால் பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கும் சின்னச் சக்கரம் தளர்ந்துகொடுக்கும். பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் பெல்ட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறிக் கருகும். புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் செய்வதுதான் இது.

"பெடல் மேல காலை வெச்சுட்டே ஓட்டறீங்களா, அம்மணி?" என்று கேட்டேன்.

"இல்லீங்ணா."

"சரிவுல இறங்கறப்போ?"

"இல்லீங்ணா. காலைப் பக்கத்துல வெச்சிருப்பேன். மேல வெக்க மாட்டேன்."

பக்கத்தில் வைத்திருப்பேன் என்றதை, மேலே வைத்திருப்பேன் என்றே நான் எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எஸ்தரக்கா பெல்ட்டைச் சுட்டுத் தின்னுபோட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துவைத்தார். நானும் சிரித்தேன்.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில், ஓட்டுநர் பெடலில் கால் வைத்து ஓட்டுவதால் பெல்ட் கருகியது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஓட்டுநருக்கு அறிவுரை கூறப்பட்டது என்றும் சேர்த்தேன். எஸ்டேட் ஆபீசர் கையெழுத்திட்டு ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பெல்ட் நான்கே வாரத்தில் போனது. அதே பளபளப்பு, அதே கருகல். இந்த முறை நான் கேள்விகூடக் கேட்கவில்லை. சரிவில் கவனமாக ஓட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் ரிப்போர்ட்டின் வரியையே திரும்ப எழுதினேன். "அறிவுரை கூறியும்" என்று இரண்டு சொற்களைக் கூடுதலாகப் போட்டேன். அந்த இரண்டு சொற்கள் என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு ரிப்போர்ட் என்பது பழுதைப் பற்றியது. இரண்டாவது ரிப்போர்ட்டில் "அறிவுரை கூறியும்" என்று வந்துவிட்டால் அது ஆளைப் பற்றியது ஆகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பெண் என்பதால் அப்படி எழுதினீர்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய ஓட்டுநர் அதே பெல்ட்டைக் கருக்கியிருந்தால், முதல் தடவையே அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் இரண்டு இடத்தில் தேடியிருப்பேன். கண்ணுக்கு எதிரே ஒரு காரணம் உட்கார்ந்திருந்தால் கை அதற்கு மேல் தேடாது.

மூன்றாவது பெல்ட் ஏழு வாரம் தாங்கியது. நான் சொன்ன அறிவுரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பெல்ட் அறுந்துபோகவில்லை, வாடை வந்ததும் ஓட்டுநரே வண்டியை நிறுத்திவிட்டார். வண்டி சரிவின் பாதியில் நிற்கிறது. மறுநாள் கல்லூரிக்குக் குழு ஒன்று பார்வையிட வருகிறது.

நான் முதலில் எஸ்டேட் ஆபீசர் அறைக்குத்தான் போனேன். அவர் மேசை மேல் என் இரண்டு ரிப்போர்ட்டுகளும் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"மூணாவது தடவைங்க" என்றார். கோபமாகப் பேசவில்லை. அவர் ஒருபோதும் கோபமாகப் பேசுகிறவர் அல்ல. "அந்தம்மா நல்ல மனுசிதானுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வண்டி அவுங்களுக்கு ஆகலை. திங்கக்கிழமையில இருந்து ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிப்போடறோம். ஏஜென்சிக்காரங்க எழுத்துல காரணம் கேக்கறாங்க. உங்க ரிப்போர்ட் ரெண்டு இருக்குது. மூணாவதும் இருந்தா கேள்வி வராது. ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

பேனாவை எடுத்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், எழுதியும் இருப்பேன். ரிப்போர்ட்டில் மேலே மணிக்காட்டி அளவைக் குறிக்கும் கட்டம் இருக்கிறது அல்லவா, அது காலியாக இருந்தது. எனக்குக் கட்டங்களை வரிசையாக நிரப்பித்தான் பழக்கம். "மணி பாத்துட்டு வந்துடறேனுங்க" என்று சொல்லிவிட்டுச் சரிவுக்குப் போனேன். அன்று என்னைக் காப்பாற்றியது என் அறிவு அல்ல, அந்தப் பழக்கம்தான்.

எஸ்தர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாதிச் சரிவு வெட்டப்பட்டு, பாதி உயரமாக நின்றது. என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"என்னங்ணா எழுதப் போறீங்க?"

"பாத்துட்டுத்தான் எழுதணும், அம்மணி."

"பாக்காமயே எழுதறதுதானுங்ணா வழக்கம்" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. "ரெண்டு தடவையும் பெல்ட்டைப் பாத்தீங்க. என்னையப் பாத்தீங்க. வண்டி சரிவுல ஏறறதை ஒருக்காக்கூடப் பாக்கலீங்ணா. இங்கிலீசுல என்னமோ எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. என்ன எழுதுனீங்கன்னு இப்பத்தான் ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க."

வண்டியின் சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஒருக்கா நீங்க ஏறி ஓட்டுங்ணா. நான் கூடவே நடந்து வாரேன். உங்க காலையே பாத்துட்டு வாரேன்."

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் இன்னும் அறுந்திருக்கவில்லை, ஆறியும் இருந்தது. கீழே சமதரையில் ஒரு சுற்று ஓட்டினேன். ஒன்றும் இல்லை. இரண்டு தடவையும் புது பெல்ட்டை மாட்டிவிட்டு நான் ஓட்டிப் பார்த்தது இந்தச் சமதரையில்தான். அதுவும் ஐந்து நிமிடம். இப்போது சரிவை நோக்கித் திருப்பினேன். பாதி ஏறியதும் ரப்பர் வாடை வந்தது. என்ஜின் சத்தம் கூடிக்கொண்டே போனது. வண்டி நகராமல் நின்றது.

"காலு எங்கீங்ணா இருக்குது?"

குனிந்து பார்த்தேன். "கால்பலகையில."

"நானும் அங்கதானுங்ணா வெச்சிருந்தேன்."

என்ஜினை நிறுத்தி இறங்கினேன். இனி நான் செய்ததை நீங்கள் முதல் நாளே செய்ய வேண்டும். நான் நான்காவது மாதம் செய்தேன். பெல்ட் எங்கே வழுக்குகிறதோ அங்கேதான் சூடு இருக்கும். என்ஜின் புல்லியைத் தொட்டேன். வெதுவெதுப்பு. இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரமும் அப்படியே. சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கியர்பாக்ஸ் புல்லியைத் தொட்டதும் விரலை இழுத்துக்கொண்டேன்.

அது என் புல்லி.

பெல்ட் பதிந்து ஓடும் அதன் பள்ளத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது. மேலே காற்றாடி மூடியிருக்கும். பெல்ட்டைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் புல்லியைக் கழற்ற வேண்டியதில்லை. அதனால் இரண்டு முறையும் நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் விரலை விட்டிருக்கலாம். விடாததற்கு ஒரே காரணம், அது புதியது, நானே மாட்டியது, நன்றாக இருந்தது. ஆறிய பிறகு பெல்ட்டை எடுத்துவிட்டுப் பள்ளத்துக்குள் விரலை ஓட்டினேன். அடித்தளம் எவர்சில்வர் தட்டு போல் வழவழவென்று இருந்தது.

பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கக் கூடாது. பெல்ட் இரண்டு பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அடியைத் தொடவே கூடாது. புது பெல்ட் தடிமனாக இருக்கும்போது மேலேயே நின்று சரியாக இழுக்கும். நாலைந்து வாரத்தில் கொஞ்சம் தேய்ந்து கீழே இறங்கியதும் அடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் சுவரைப் பிடிக்காது. வழுக்கும், கருகும். பள்ளத்தின் ஆழம் போதவில்லை. ஒவ்வொரு பெல்ட்டும் முதலில் நன்றாக ஓடி அப்புறம் கருகியதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "மூணாவது பெல்ட் ஏழு வாரம் எப்படித் தாங்குச்சு?" என்று கேட்டேன்.

"சரிவை நான் வண்டில வெட்டலீங்ணா."

"பின்னே?"

"அருவாள்ல வெட்டினேன். ஆறு மணிக்கு வந்து, ஆளுக வர்றதுக்கு முன்னாடி. நீங்கதானுங்ணா சரிவுல பாத்து ஓட்டுங்கன்னீங்க. ஓட்டாமயே இருந்துட்டா ஒண்ணும் ஆகாதில்லீங்களா. நாளைக்கு யாரோ வாராங்கன்னு இன்னைக்குத்தான் எல்லாத்தையும் வண்டியிலயே முடிக்கச் சொன்னாங்க."

சரிவு ஏறத்தாழ ஒரு ஏக்கர் இருக்கும். ஏழு வாரம்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா, வண்டி ஓட்டத் தெரியாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்ணா." வண்டியின் சீட்டைத் தொட்டுக் காட்டினார். "இதுல உக்கார்றதுக்கு முன்னாடி பதினஞ்சு வருசம் குனிஞ்சேதானுங்ணா வேலை செஞ்சேன். மறுபடியும் குனியறதுக்கு எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா ஓட்டத் தெரியாமப் போனாள்னு பேரு வாங்கிட்டுக் குனிய மாட்டேன்."

புல்லியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். பள்ளம் ஏன் குறைந்தது என்று தெரியாமல் ரிப்போர்ட் எழுதினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். பட்டறைக்காரர் எந்தச் சாம்பிளையும் தூக்கி எறிகிறவர் அல்ல. மேசைக்கு அடியில் இருந்த தகர டப்பாவில் என் பழைய புல்லி அதே நாளிதழோடு இருந்தது. அவர் வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டின் ஆழத்தையும் அளந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. ஒரு புள்ளி மாறலை."

மாறவில்லைதான். நான் ஸ்குரூடிரைவர் முனையால் பழைய புல்லியின் பள்ளத்தைச் சுரண்டினேன். கறுப்பாக, இரும்பு போலவே கெட்டியாக இருந்த ஒன்று துண்டாகப் பெயர்ந்து வந்தது. மூன்று ஆண்டு வெட்டிய புல்லின் சாறும் செம்மண் தூசியும் சேர்ந்து அடியில் படிந்து இறுகியிருந்தது. தீக்குச்சியின் தடிமன். அதற்குக் கீழேதான் புல்லியின் உண்மையான அடி இருந்தது. பழைய பெல்ட் உரச உரச அழுக்கு தேய்ந்து வழிவிட்டிருக்கும்; இரும்பு விடாது. நான் கழுவாமல் கொடுத்த அழுக்கையும் சேர்த்து அவர் அப்படியே அளந்து கடைந்திருக்கிறார். அப்படியே போட்டுருங்க என்று சொன்னவனும் நான்தான்.

பட்டறைக்காரர் அந்தக் கறுப்புத் துண்டை விரலால் பொடித்துப் பார்த்தார். "பொண்ணு பாக்க வர்றப்பவாச்சும் மாப்பிள்ளையைப் பல்லு வெளக்கிக் கூட்டிட்டு வரோணுங்க" என்றார்.

"நீங்க பாத்திருக்கக் கூடாதுங்களா?"

"நீங்க பாக்காததை நான் எப்படிங்க பாக்கறது? எனக்கு இது எந்த வண்டின்னுகூடத் தெரியாது."

அவர் சொன்னது நியாயம். சாம்பிள் கொடுத்து வேலை வாங்குகிற ஊரில் சாம்பிளுக்குப் பொறுப்பு கொடுக்கிறவனுடையது. இன்றும் நீங்கள் லேத்துக்குப் பொருள் எடுத்துப் போவீர்கள்; போகத்தான் வேண்டும், அதில் தவறு எதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே இரும்பு தெரிகிறவரை சுத்தம் செய்துவிட்டு எடுத்துப் போங்கள். அவர் புல்லியை மறுபடியும் லேத்தில் மாட்டிப் பள்ளத்தை ஆழமாக்கிக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்கள் நிறுவன முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"பெல்ட் லாட் சரியில்லைன்னு எழுதிப்போடுங்க. மூணு பெல்ட்டும் ஒரே லாட்டுல சேந்து வந்ததுதானே? அந்தம்மாவும் தப்பிச்சுக்குவாங்க, நாமளும் தப்பிச்சுக்கலாம். யாருக்கும் நட்டமில்லை. புரட்டாசி முடிஞ்சா ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்."

உங்களிடமும் ஒரு நாள் இப்படி ஒரு வாய்ப்பை யாராவது நீட்டுவார்கள். கெட்டவர்கள் நீட்ட மாட்டார்கள். உங்கள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் நீட்டுவார்கள். கேட்க இதமாக இருக்கும். நானும் கல்லூரி கேட் வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். பிறகு அந்த மேசை மேல் இருந்த இரண்டு தாள்கள் நினைவுக்கு வந்தன. பெல்ட் சரியில்லை என்று எழுதினால் மூன்றாவது பழுதுக்குத்தான் அது பதில். முதல் இரண்டும் கோப்பில் அப்படியே இருக்கும். "அறிவுரை கூறியும்" என்பதும் இருக்கும். நாளை வேறு எதற்காவது அந்தக் கோப்பைத் திறந்தால் அவர் இரண்டு பெல்ட்டைக் கருக்கிய ஓட்டுநர்தான். பெல்ட் மேல் பழி போட்டால் எனக்குத்தான் விடுதலை, அவருக்கு இல்லை.

புல்லியை மாட்டி, புது பெல்ட் போட்டுவிட்டு, வண்டி சீட்டிலேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். தமிழில் எழுதினேன். அதற்கு முன் நான் தமிழில் ரிப்போர்ட் எழுதியதில்லை. எழுதியது இவ்வளவுதான்: ஜூன் மாதம் நான் மாட்டிய புல்லியின் பள்ளம் ஆழம் குறைவாக இருந்தது. சாம்பிளைச் சுத்தம் செய்யாமல் கொடுத்தது என் தவறு. மூன்று பெல்ட்டுகளும் அதனால்தான் கருகின. ஓட்டுநர் மீது நான் முன்பு எழுதிய இரண்டு ரிப்போர்ட்டுகளும் தவறானவை. அவற்றை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுநர் எஸ்தரின் ஓட்டுதலில் குறை எதுவும் இல்லை.

எஸ்டேட் ஆபீசர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏனுங்க எழுத்துல குடுக்கறீங்க? எங்கிட்ட வாயில சொன்னாப் போதாதுங்களா? நான் அந்தம்மாவை அனுப்பாம விட்டுடறேன்."

"முன்னாடி ரெண்டையும் எழுத்துலதானுங்க குடுத்தேன்."

"உங்க கம்பெனிக்கு இது நல்லதில்லீங்களே."

"இல்லைதானுங்க."

அவர் முதல் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பழைய இரண்டு தாள்களுக்கும் குறுக்கே கோடு கிழித்து, மூன்றையும் சேர்த்துப் பின் அடித்தார். ஏஜென்சிக்கு அனுப்ப வைத்திருந்த கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார், கிழிக்கவில்லை. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு வேறு மெக்கானிக்கை அனுப்பச் சொன்னார்கள். முதலாளி என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தக் கல்லூரியின் பக்கம் வேலையாக நான் திரும்பப் போகவில்லை.

அறையை விட்டு வெளியே வந்தபோது எஸ்தர் படிக்கட்டில் நின்றிருந்தார். என் பிரதியை அவரிடம் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தார். படித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. நான் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது எனக்கே போதாததாகத் தோன்றியது. ஏழு வாரத்துக் காலைகளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

"தெரியாமப் பண்ணிப்போட்டேன், அம்மணி" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியாமன்னு இல்லீங்ணா" என்றார். "பாக்காம."

தாளை நான்காக மடித்தார். "இது எனக்கு வேணுமுங்ணா. உங்களுக்கு வேற எழுதிக்குங்க." சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்து இழுத்து மூடினார்.

"நாளைக்குக் காலையில சரிவுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். எட்டு மணிக்கெல்லாம் நான் வந்துடறேன்" என்றேன்.

"நான் ஓட்டிப் பாத்துக்கறேன். நீங்க வர வேண்டாமுங்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டியின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் சோமனூரில் ஒரு மில் வளாகத்தில் வேறொரு வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், கண்ணில் படும்படி வண்டியின் மூடி மேல் வைத்திருந்தேன். ஒன்பது மணிக்குள் அந்தச் சரிவை ஏறி இறங்கியிருப்பார். பத்து மணிக்குள் முழுவதும் வெட்டி முடித்திருப்பார். வண்டி நின்றுவிட்டது என்று அழைப்பு எதுவும் வரவில்லை.